எட்டாவது காலடி

விடுமுறைக்கு இந்தத் தீவுக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். ஆளில்லாத கடற்கரை எங்கே இருக்கிறது? உப்புவெளியில் நான் வேலை பார்த்த விருந்தினர் விடுதியின் முன்மேசையில் இருந்துகொண்டு எத்தனை தடவை சிரித்த முகத்தோடு அதற்குப் பதில் சொல்லியிருப்பேன் என்று நினைவில்லை. சண்டை ஓய்ந்திருந்த காலம் அது. ஓய்ந்தது என்றால் முடிந்தது என்று அர்த்தமில்லை என்பது எங்களுக்குத் தெரியும், வந்தவர்களுக்குத் தெரியாது. எங்கள் ஆட்களிடம் ஆளில்லாத இடம் என்று சொன்னால், இருந்த ஆட்களுக்கு என்ன நடந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். வெள்ளைக்காரர்களுக்கு அப்படித் தோன்றாது. நிலாவெளியைத் தாண்டி குச்சவெளிப் பக்கம் போனால் பாறைகளுக்கு நடுவே சின்னச் சின்னக் குடாக்கள் இருக்கின்றன. ரோட்டால் போக வழியில்லை, வள்ளத்தில்தான் போகவேண்டும். கிழமைக்கு இரண்டு தடவையாவது அங்கே ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவது என் வேலைகளில் ஒன்றாக இருந்தது.

சாப்பாட்டுப் பெட்டியோடு கூட வந்தவர் எங்கள் விடுதியின் சமையற்காரி. பெயர் எனக்குத் தெரியும், எழுதப்போவதில்லை. நான் அக்கா என்று கூப்பிட்டேன், அது போதும். இலங்கைத்துறைப் பக்கத்து ஊர்க்காரி. நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் கணவாய்க் கறி வைத்தால் கொழும்பிலிருந்து வந்தவர்களும் குசினி வாசலுக்கு வந்து எப்படி வைத்தது என்று கேட்பார்கள். ஒருவருக்கும் சொல்லமாட்டார். பேச்சே குறைவு. சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டால் அவருடைய வேலை முடிந்தது, வள்ளத்தில் ஏறவேண்டிய தேவையே இல்லை என்று முதலாளி பல தடவை சொல்லியும் பார்த்தார். அக்கா ஒரு பயணத்தையும் விட்டதில்லை. வள்ளத்தின் முன்பக்கத்தில், கையில் ஒரு காய்ந்த பனையோலையோடு இருப்பார். காவோலை என்போமே, அது. அடுப்பெரிக்கத்தான் உதவும். இவர் எதற்கு அதைக் கடலுக்குக் கொண்டுவருகிறார் என்று முதல்நாள் எனக்கு விளங்கவில்லை.

முதல்நாள் வந்தவர்கள் ஒல்லாந்து நாட்டுச் சோடிகள் இரண்டு. வள்ளக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்த சலீம் நானா. அறுபதை நெருங்கியவர், வாய் ஓயாதவர். குடாவுக்குள் நுழைந்து எஞ்சினை நிறுத்தியதும் அக்கா திரும்பிக் கையை உயர்த்தினார்.

"ஒருத்தரும் இறங்கவேண்டாம். இருங்கோ."

அவர் மட்டும் முழங்கால் தண்ணீரில் இறங்கினார். கரை ஏறவில்லை. தண்ணீருக்குள்ளேயே குடாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல நடந்தார். கண் முழுக்க மணலில் இருந்தது. இடையில் ஓரிடத்தில் நின்று, தலையைச் சரித்து, வெகுநேரம் எதையோ பார்த்தார். பிறகு திரும்ப நடந்தார்.

"என்ன செய்யிறா?" என்று நானாவிடம் கேட்டேன்.

"பாத்துக்கிட்டிருங்க தங்கச்சி. மண்ணப் படிக்கிறா," என்றார் நானா. "வேற ஆளுட காலடி கிடந்தா வள்ளத்தத் திருப்பச் சொல்லிருவா. போன மாசம் ரெண்டு தரம் திருப்பின. வெள்ளக்காரன் முழிச்ச முழியப் பாக்கணும் நீங்க."

அக்கா வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "வெறுங்கரைதான். இறங்கலாம்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இதை அவையளுக்குச் சொல்லுங்கோ பிள்ளை. செருப்போடை இறங்கிற ஆக்கள் செருப்போடைதான் ஏறவேணும். கழட்டிற ஆக்கள் இப்பவே வள்ளத்துக்கை கழட்டி வைக்கட்டும். நடுவிலை மாத்தக்கூடாது," என்றார்.

இதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது? கரையில் முருகைக்கல் கிடக்கிறது, காலை வெட்டும் என்று என் பாட்டுக்கு ஒரு பொய்யைச் சொன்னேன். அவர்களும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினார்கள். குளித்தார்கள், தின்றார்கள், சவுக்கு நிழலில் படுத்து எழும்பினார்கள். நேரம் வந்ததும் அக்கா எல்லோரையும் வள்ளத்தில் ஏற்றிவிட்டுக் கரையில் தனியாக நின்றார். காவோலையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக நடந்து, கூட்டத் தொடங்கினார். பாய் விரித்த இடம், பந்து விளையாடிய இடம், ஒருவர் ஒதுங்கிப் போய்வந்த பற்றைப் பக்கம், ஒன்றையும் விடவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எண்ணுகிறார் என்று பிறகுதான் தெரிந்தது. கடைசியாகத் தன்னுடைய காலடியையும் கூட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, ஓலையை அலசி, ஏறி உட்கார்ந்தார்.

வள்ளம் விலகியதும் நான் திரும்பிப் பார்த்தேன். அங்கே ஒன்றுமில்லை. நாங்கள் ஐந்து மணி நேரம் சிரித்துப் பேசிக் கிடந்த இடம், ஒருவரும் ஒருநாளும் கால் வைக்காத இடம்போலக் கிடந்தது. எனக்கு என்னவோ செய்தது. பசியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வந்தவர்களுக்கு அவரை நன்றாகப் பிடித்துப்போயிற்று. இயற்கையை இவ்வளவு மதிக்கிற ஒரு பெண்ணை நான் கண்டதில்லை என்று ஒரு அம்மா விருந்தினர் புத்தகத்தில் அரைப் பக்கம் எழுதினார். முதலாளி குளிர்ந்துபோனார். அக்கா ஓலையோடு நிற்கிற மாதிரி ஒரு படம் எடுத்து விளம்பரத் தாளில் போடவேண்டும் என்று நின்றார். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார், அன்று மாலைவரை வெளியே வரவில்லை. வேலைக்காரப் பெடியன்கள் அவரைக் கடற்கரை முனிசிபாலிட்டி என்று பகிடி பண்ணுவார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

எல்லோருக்கும் பிடித்தது என்றும் சொல்லமுடியாது. ஒருமுறை தனியாக வந்த இளம்பெண் ஒருத்தி, வள்ளம் விலகும்போது என்னை மாதிரியே திரும்பிப் பார்த்தாள். நாங்கள் அங்கே இருந்தோம்தானே என்று கேட்டாள். இருந்தோம் என்றேன். இன்னும் இரண்டு தடவை கேட்டாள். பையைத் திறந்து கமெராவை எடுத்து, அன்றைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். படத்தில் அவள் மணலில் இருந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள், சுற்றிவரக் காலடிகள். அதைப் பார்த்த பிறகும் அவள் முகம் தெளியவில்லை. மறுநாட் காலையில் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டாள்.

இன்னொரு முறை ஒரு பெருத்த மனிதர் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தைப் பாறையில் மறந்துவிட்டு வள்ளத்தில் ஏறிவிட்டார். அக்கா கூட்டி முடித்தாயிற்று. அவர் ஓடிப்போய் எடுத்துவரக் குதித்தார். அக்கா அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஆறடி மனிதரைச் சமையற்காரி கையில் பிடித்து நிறுத்தியிருக்கிறார், எனக்கு மானம் போயிற்று.

"விடுங்கோ அக்கா. அந்தாள் எடுத்துக்கொண்டு வரட்டும்."

"போகக்கூடாதெண்டு சொல்லுங்கோ பிள்ளை. நான் எடுத்துத் தாறன்."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள்ளால் சுற்றிப் போனார். கழுத்தளவு ஆழம் ஓரிடத்தில் இருந்தது. பாறையில் பின்பக்கமாக ஏறி, புத்தகத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு அதே வழியால் வந்தார். பாறையில் தடம் விழாது. அந்த மனிதர் முதலில் சிரித்தார். புத்தகத்தை வாங்கும்போது அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

எனக்குக் கோபம் ஆறவில்லை. விடுதிக்கு வந்ததும் குசினிக்குப் போய், "வாற சனம் சந்தோசமா இருக்கத்தான் வருது அக்கா. நீங்கள் பரீட்சை மண்டபத்திலை நிக்கிற வாத்தியார் மாதிரி நிண்டா ஆர் திரும்பி வருவினம்?" என்றேன்.

அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தார். "மணலுக்கு ஆளைத் தெரியாது பிள்ளை," என்றார். "காலைத்தான் தெரியும்." கழுநீரை வாளியில் ஊற்றினார். நானும் சரிதான் போ என்று விட்டுவிட்டேன்.

அடுத்த கிழமை நடந்ததை இன்றுவரைக்கும் என்னால் விளங்கப்படுத்த முடியாது. அன்று நாங்கள் ஐந்து பேர். ஒரு கணவன் மனைவி, நானா, அக்கா, நான். அக்கா வழக்கம்போலத் தண்ணீருக்குள்ளால் நடந்து பார்த்து, வெறுங்கரை என்று சொல்லித்தான் இறங்கினோம். அன்றைக்கு எங்களில் ஒருவரும் வெறுங்காலோடு இல்லை. நானாகூடக் காலில் ஒரு வெட்டு என்று செருப்புப் போட்டிருந்தார். பாய் விரித்து எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம். காற்றே இல்லை. சாப்பிட்டு எழும்பிக் கை கழுவத் திரும்பினால், எங்களுக்குப் பின்னால் மணலில் வெறுங்காலடிகள்.

தண்ணீரிலிருந்து நேராக ஏறி வந்திருந்தன. பாய்க்கு இரண்டு முழம் இருக்கும்போது நின்றுவிட்டன. கடைசி இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், கொஞ்சம் ஆழமாகப் பதிந்திருந்தன. ஒருவர் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படிப் பதியுமோ அப்படி. திரும்பிப் போன தடம் இல்லை.

நான் பேய் பிசாசை நம்புகிறவள் அல்ல. முதலில் நண்டு என்றேன். நண்டுக்கு ஐந்து விரல் இல்லை. வெள்ளைக்காரரைப் பார்த்தேன், அவர்கள் இருவரும் சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை. வாய் ஓயாத நானா பேசாமல் போய் வள்ளத்தில் ஏறிக்கொண்டு, உதட்டுக்குள் எதையோ ஓதத் தொடங்கினார். அக்கா மட்டும் பயப்படவில்லை. காவோலையை எடுக்கவுமில்லை. அந்தத் தடங்களுக்குப் பக்கத்தில் குந்தி, உள்ளங்கையால் ஒவ்வொன்றாகத் தடவி மூடினார். குழந்தையை நித்திரையாக்குகிறபோது முதுகைத் தடவுவதுபோலத் தடவினார். கடைசி இரண்டுக்கும் வந்தபோது கையை எடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

அடுத்தநாட் காலை நான் குசினிக்குப் போனேன். அவர் நண்டு உடைத்துக்கொண்டிருந்தார். நான் பலகையை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் இருந்தேன். கேட்காமலே சொன்னார்.

"எங்கடை ஊருக்குத் தெற்காலை ஒரு குடா கிடக்குது. அப்ப அங்கை போகக்கூடாதெண்டு தடை. எங்கையோ ஒரு கப்பல் உடைஞ்சு பலகை ஒதுங்கிக் கிடக்குதெண்டு கதை வந்தது. ஷெல் விழுந்து எங்கடை வீட்டுக் கூரை போயிருந்த நேரம். நாங்கள் ஏழு பேர் விடியப் போனனாங்கள். எல்லாரும் வெறுங்கால். நான் மட்டும் ரப்பர் செருப்பு. திரும்பேக்கை வார் அறுந்து போச்சு. கையிலை தூக்கிக்கொண்டு நடந்தன். மத்தியானம் அவங்கள் வந்தாங்கள்."

"எவங்கள்?"

நண்டுக்காலைக் கல்லால் தட்டினார். "துவக்கோடை வந்தவங்கள்," என்றார்.

"மணலைப் பாத்திட்டு வந்து, எட்டுப் பேர் போயிருக்கிறியள் எண்டாங்கள். ஏழு பேர்தான் எண்டம். எட்டாவது ஆளை ஒளிச்சு வைச்சிருக்கிறியள், தாங்கோ எண்டு ஊரை முழுக்க அந்தக் குடாவுக்குக் கொண்டுபோய் வெயிலிலை நிப்பாட்டினாங்கள். போன ஏழு பேரும் ஒராள் ஒராளாப் போய்த் தன்ரை தன்ரை காலடியிலை காலை வைச்சுக் காட்டவேணும். நான் அறுந்த வாருக்கு ஊசி குத்தின செருப்பைப் போட்டுக்கொண்டு போய்ச் செருப்படியிலை வைச்சன். சரி, அங்காலை போ எண்டாங்கள். கடைசியிலை ஒரு வெறுங்காலடி மிஞ்சிப்போச்சு."

"அது உங்கடை."

"ஓம். கண்ட உடனை எனக்குத் தெரியும்." கையை நிறுத்தவில்லை. "செருப்படி என்ரை எண்டு காட்டிப்போட்டு, இதுவும் என்ரை எண்டா நம்புவாங்களே? ஆரையோ காப்பாத்தப் பொய் சொல்லிறாள் எண்டு நினைப்பாங்கள் எண்டு பயம். இப்ப சொல்லுவம், இப்ப சொல்லுவம் எண்டு நிண்டன். பிள்ளையள் தண்ணிக்கு அழுதுகள். ஒரு கிழவி மயங்கி விழுந்தா. அப்பவும் எனக்கு வாய் வரேல்லை. பிறகு என்ரை தம்பி முன்னுக்குப் போனான். அவன் அண்டைக்கு எங்களோடை வரவேயில்லை. அது நான்தான் எண்டான். வைச்சுக் காட்டு எண்டாங்கள். வைச்சான். ஏத்திக்கொண்டு போட்டாங்கள்."

"பிறகு?"

"பிறகென்ன. அவ்வளவுதான்."

நண்டைக் கழுவிச் சட்டியில் போட்டார். கையைத் துடைத்துக்கொண்டு, அடுப்பைப் பார்த்தபடி, "ஒண்டுதான் எனக்குத் தெரியவேணும் பிள்ளை," என்றார். "அது என்ரை கால் எண்டு தெரிஞ்சோ அவன் போனவன்? இல்லாட்டி, ஆற்றையோ கால், சனம் வெயிலிலை சாகுதெண்டு போனவனோ? தெரிஞ்சு போனானெண்டா, நான் வாயைத் திறக்காமல் நிண்டதும் அவனுக்குத் தெரியும். தெரியாமல் போனானெண்டா, அக்காவுக்காக எண்டு இல்லாமல் வீணாப் போனான். எது நல்லது எண்டு எனக்கே விளங்கேல்லை. ஆனா எதெண்டு தெரியாமல் நான் சாகமாட்டன்."

அதற்குப் பிறகு நான் அவரைப் பகிடி பண்ணவில்லை. எந்தக் குடாவுக்குப் போனாலும் அவரை விடக் கவனமாக நானே எண்ணினேன். அதை அவருக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

அடுத்த வருடம் காலநிலை மாறியது. மழையைச் சொல்லவில்லை. சோதனைச் சாவடிகளில் மணல் மூடைகள் திரும்பவும் உயர்ந்தன. கடலுக்குப் போக ஒவ்வொரு நாளும் பாஸ் எடுக்கவேண்டும், எத்தனை பேர் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். வெள்ளைக்காரர்கள் ஒருவர் இருவராகக் குறைந்து, கடைசியில் வயதான ஒரு சோடி மட்டும் மிஞ்சியது. நாளை விடியக் கொழும்புக்குப் புறப்படுகிறோம், அதற்கு முன் அந்த அமைதியான கடற்கரையை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்றார்கள். அக்காவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். பாயில் கிடந்தபடியே, "இப்ப போகாதையுங்கோ," என்றார். முதலாளி போ என்றார். நான் போனேன். உண்மையைச் சொன்னால், அவர் இல்லாமல் ஒருநாள் போவது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது.

பாஸில் நான்கு பேர். நானா வெறுங்கால், மற்ற மூவரும் செருப்பு. நல்ல நாள்தான் அது. வள்ளத்தில் ஏறி, நான் என் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு இருக்கும்போது, அந்த அம்மா காதைத் தடவிப் பார்த்தார். காதில் மாட்டுகிற கருவியைக் காணவில்லை. குளிக்கும்போது கழற்றிப் பாய் கிடந்த இடத்தில் வைத்திருக்கிறார். நான் குதித்து ஓடினேன். சவுக்கடியில் கிடந்தது, எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். அரை நிமிட வேலை. காவோலையைக் கொண்டுபோயிருக்கவில்லை. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது, மழை வந்து எல்லாவற்றையும் அழித்துவிடும் என்று சொல்லிக்கொண்டேன். மழை வரவில்லை.

அன்று பொழுதுபடும் நேரம் அந்தப் பக்கத்துக் கடலில் ஏதோ வெடித்த சத்தம் கேட்டது. மறுநாட் காலை வெள்ளைக்காரர்கள் விடியலிலேயே போய்விட, எட்டு மணிக்கு ட்ரக் வந்து நின்றது. பாஸ் எழுதிய கொப்பியைக் கையில் வைத்திருந்தார்கள். விடுதியில் இருந்த எல்லோரையும் ஏறச் சொன்னார்கள். காய்ச்சலோடு கிடந்த அக்காவையும் எழுப்பினார்கள். நானாவை அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். இறங்குதுறையில் எங்களை ஒரு வள்ளத்தில் ஏற்றி அந்தக் குடாவுக்குக் கொண்டுபோனார்கள்.

எங்கள் காலடிகள் போட்டபடியே கிடந்தன. இரவு காற்றுக்கூட அடிக்கவில்லை. அவர்களில் ஒருவருக்குத் தமிழ் தெரியும். சின்ன வயது, மரியாதையாகத்தான் கதைத்தார்.

"பாஸில் நாலு பேர். இங்க அஞ்சு பேர் நடந்திருக்கு. நீங்க சொல்லுங்க மிஸ். நீங்க எது?"

நான் செருப்படியைக் காட்டினேன். வேறு எதையும் யோசிக்கவில்லை, அது என்னுடைய செருப்பு, என்னுடைய தடம், உண்மை. வைத்துக் காட்டச் சொன்னார், வைத்தேன். சரி என்றார். கிழவர், கிழவியின் தடங்களை நானே காட்டினேன். நானா தன்னுடைய வெறுங்காலை வைத்தார். கடைசியில், சவுக்கடிவரை ஓடிப்போய்த் திரும்பி வந்த ஒரு வெறுங்காலடி மிஞ்சியது.

"இது யார்?"

நான் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். வீட்டில் எனக்கு மூன்று வயது மகள் இருந்தாள் என்பது உண்மை. ஆனால் அந்த நேரத்தில் நான் மகளை நினைத்தேன் என்று எழுதினால் அது பொய். பயம், அவ்வளவுதான். இப்போது சொல்லுவோம், இப்போது சொல்லுவோம் என்று நின்றேன். நானா நான் ஓடியதைக் கண்டவர். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சேர், அது நான்," என்றார் அக்கா.

நெற்றியில் வியர்வை வழிய, சேலைத் தலைப்பால் போர்த்திக்கொண்டு நின்றார். "முந்தநாள் விறகு பொறுக்க வந்தனான் சேர். பாஸ் எடுக்கேல்லை. பிழைதான்."

வைத்துக் காட்டச் சொன்னார்கள். அக்கா என்னைக் கடந்து போனார். போகும்போது என்னைப் பார்க்கவில்லை. அந்தத் தடத்தில் வலது காலை வைத்து, குனிந்து பார்த்து, இடது காலை வைத்தார். அந்தச் சின்ன வயதுக்காரர் குந்தியிருந்து பார்த்துவிட்டு எழும்பினார். பொருந்தியிருந்தது. வள்ளத்தில் திரும்பும்போது எங்களை ஒரு பக்கமும் அக்காவை மறுபக்கமும் இருத்தினார்கள். துறையில் எங்களைப் போகச் சொல்லிவிட்டு அவரை மட்டும் ட்ரக்கில் ஏற்றினார்கள். அன்று பின்னேரம் நான் மகளுக்குச் சோறு தீத்தினேன், கதை சொன்னேன், எல்லாம் வழக்கம்போலச் செய்தேன். என்னை நானே வெறுத்தது அந்த நாட்களில்தான்.

ஆறாம் நாள் அக்காவை விட்டார்கள். முதலாளி ஆள் பிடித்து அலைந்ததில் நடந்தது அது. நடந்துதான் வந்தார். ஒரு பக்கத் தோளைத் தூக்க முடியவில்லை. என்ன நடந்தது என்று யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு கிழமையில் விடுதியை மூடினோம், அக்கா ஊருக்குப் போனார். அந்த வருடம் கொட்டியாரக்குடாவுக்குத் தெற்கே, அவருடைய ஊர்ப் பக்கத்தில், சனம் முழுக்க எழும்பி ஓடியது. பிறகு அவரைப் பற்றி நான் விசாரித்த இடத்திலெல்லாம் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஊருக்குப் போவதற்கு முதல்நாள் குசினியில் அவர் பாத்திரங்களைக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் திரும்பி வந்த பிறகு அந்த இரண்டு கிழமையும் நான் அவர் கண்ணில் படாமல்தான் திரிந்தேன். அன்று போகாமல் இருக்க முடியவில்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போய், பலகையை இழுத்துப்போட்டு இருந்தேன். மன்னியுங்கோ அக்கா என்று சொல்ல மூன்று தடவை வாயைத் திறந்தேன்.

"இருங்கோ பிள்ளை. தேத்தண்ணி ஊத்திறன்," என்றார்.

ஊற்றித் தந்தார். எனக்கு எதிரே, அந்தத் தோளைச் சுவரில் சாய்த்துக்கொண்டு இருந்தார். அவர் குரலில் ஒரு வகையான இளைப்பாறல் இருந்தது, அதைக் கேட்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"உங்கடை கால் சின்னக் கால். என்ரை கால் பெரிசு. விரலெல்லாத்தையும் மடிச்சுத்தான் வைச்சனான். கண்டியளோ?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"மடிச்சுக்கொண்டு நிக்கேக்கைதான் எனக்கு விளங்கினது. தம்பியின்ரை கால் என்ரையிலும் பெரிசு பிள்ளை. அவனும் இப்பிடி மடிச்சுத்தான் வைச்சிருப்பான். அது தன்னிலும் சின்னக் கால், ஆற்றையெண்டு தெரியாமல் ஒருத்தர் விரலை மடிச்சுக்கொண்டு போய் நிக்க ஏலாது. அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் பேசாமல் நிண்டதைப் பாத்துக்கொண்டுதான் போயிருக்கிறான்."

நான் தேத்தண்ணீரைக் கீழே வைத்தேன். சொல்ல வந்ததை இனிச் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை, என் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் அவற்றைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன்.